குளியலறைக் கதவின் கீல்

போன ஐப்பசி மழையில் எங்கள் குளியலறைக் கதவு இறுகிக்கொண்டது. உள்ளே என் மனைவி. உள்பக்கம் திறக்கும் கதவு. பக்கத்து வீட்டுப் பையன் வந்து தோளால் இடித்துத்தான் திறந்தான். அவள் வழுக்கி விழுந்து கதவுக்குப் பின்னால் கிடந்திருந்தால் இடித்தும் திறந்திருக்க முடியாது. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் ஆசாரி மேல் கீலைக் காட்டினார். கதவின் பாரம் அதைத்தான் வெளியே இழுக்கும். புதுச்சேரிக் கடற்காற்றில் இரும்புத் திருகாணி துருப்பிடித்துத் தளர்ந்து, கதவு சாய்ந்திருந்தது. பள்ளியில் கீலுக்கு 'ஷார்னியேர்' என்றும், ஜன்னல் பலகையைத் தாங்கும் முளைக்கு 'கோன்' என்றும் மனப்பாடம் செய்தவன் நான். எது எந்தக் கதவுக்கு என்று யாரும் சொல்லித்தரவில்லை. பாட்டி வீட்டில் கீலே கிடையாது. குடுமிக் கதவு, குழியில் விளக்கெண்ணெய் விட்டால் போதும்.

வாசல் தேக்குக் கதவுக்கு ஐந்து அங்குலக் கீல் நான்கு போட்டிருக்கிறோம். அது உள்பக்கம் திறப்பதால் கீலின் ஊசியும் உள்ளே. திருடன் கைக்கு எட்டாது. குளியலறைக்கு நேர்மாறாகச் செய்யச் சொன்னேன். கதவு வெளிப்பக்கம் திறக்கும். ஊசி கழலும் எவர்சில்வர் கீல் மூன்று, திருகாணியும் எவர்சில்வரே. உள்ளே தாழிட்டிருந்தாலும் வெளியிலிருந்து ஊசியைத் தட்டி எடுத்துவிடலாம்.

"எங்கே, எடுத்துக் காட்டுங்கள்" என்றாள் மனைவி, உள்ளே தாழிட்டுக்கொண்டு. எனக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. சுத்தியலும் ஆணியும் இப்போது கதவுக்கு வெளியே ஒரு பையில் தொங்குகின்றன.