கலயத்துச் சுண்ணாம்பு

பனம்பாளையின் நீர் சொட்டும்போதே நுரைக்கத் தொடங்குகிறது. சீவிய பாளை நுனியிலும் பழைய கலயத்தின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதன் சர்க்கரையைச் சாராயமாகவும் அமிலமாகவும் மாற்றிவிடும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அதே நீர் பதநீர்; தடவாவிட்டால் கள். சாயல்குடி, நரிப்பையூர் பக்கத்துப் பனங்காடுகளிலும் பாம்பன் தீவிலும் கருப்பட்டித் தொழில் இந்தத் தடவலை நம்பித்தான் நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் பதநீருக்குக் கருப்பணி என்று பெயர்.

பாளையிலிருந்து வரும் நீர் புளிப்புமில்லை, காரமுமில்லை. சுண்ணாம்பு அதைக் காரத்தன்மை கொண்டதாக்குகிறது. அந்தக் காரத்தில் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. இன்னொரு பயனும் உண்டு. பதநீரின் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ். புளிப்பு ஏறினால் அது குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடையும். உடைந்த சர்க்கரையை எவ்வளவு காய்ச்சினாலும் கட்டியாகாது, இளகிக் கிடக்கும். சுண்ணாம்பில் கஞ்சத்தனம் செய்த நாளின் நட்டம் அடுப்படியில்தான் தெரியவரும்.

பருவக் காலத்தில் காலையும் மாலையும் மரம் ஏற வேண்டும். பாளையை மெல்லிசாகச் சீவி, நிறைந்த கலயத்தை இறக்கி, புதிதாகச் சுண்ணாம்பு பூசிய கலயத்தைக் கட்டி இறங்குகிறார் பனையேறி. முன்பு பூசியதை நம்பி விட முடியாது. அளவுக்குத் தராசு கிடையாது, விரல்தான் அளவு. கூடினால் நாக்கு வெந்துபோகும், கருப்பட்டியும் கறுத்துவிடும். குறைந்தால் புளிப்பு. வெயில் ஏற ஏற நொதித்தலும் வேகமெடுக்கும் என்பதால் கோடையில் கை சற்றுத் தாராளமாகிறது. தொழிலின் நுட்பமெல்லாம் ஏறுவதில் இருப்பதாகப் பார்ப்பவர் நினைப்பது பாதிதான் சரி.

நொதிப்பதை அடக்கும் வேலை தேன் மதுவிலும் உண்டு. சங்கப் பாடல்களில் மூங்கில் குழாயில் முற்றவைத்த தேன் தேறல் வருகிறது. இன்று வீட்டில் தேன் மது வடிப்பவர்கள் புட்டியில் அடைக்குமுன் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் சேர்க்கிறார்கள். சார்பேட் ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும். அதனால் நுரைத்துக்கொண்டிருக்கும் மதுவில் அதைப் போட்டுப் பயனில்லை. அடங்கித் தெளிந்தபின் போட வேண்டும். இனிப்பும் உயிருள்ள ஈஸ்ட்டும் மூடிய புட்டிக்குள் சேர்ந்தால் புட்டி வெடிக்கவும் கூடும். தேன் மதுவுக்குக் காவல் கடைசியில். பதநீருக்கோ முதல் சொட்டு விழுமுன்.

1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. ஆகவே கலயத்து வெள்ளைப் பூச்சு பனையேறிக்குச் சட்டப் பாதுகாப்பும் ஆகிறது.

இறக்கிய பதநீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள். காவோலையும் சீமைக்கருவேல விறகும் எரிகின்றன. பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார்கள். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, உருட்டினால் திரளும் பதத்தில் இறக்கித் துடுப்பால் கிண்டிச் சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். மணிக்கணக்கில் புகையில் நிற்கும் இந்த வேலை ஏறுவதைவிடக் குறைவாக மதிக்கப்படுகிறது, கூலியிலும் பேச்சிலும்.

பனங்கற்கண்டு செய்ய, மிஞ்சிய சுண்ணாம்பை முதலில் எடுத்தாக வேண்டும். சூப்பர் பாஸ்பேட் சேர்த்தால் அது கால்சியம் பாஸ்பேட்டாகி அடியில் படியும். தெளிந்ததைக் காய்ச்சி நூல் கட்டிய பாத்திரத்தில் வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் நூலில் படிகம் பிடிக்கும். கருப்பட்டியில் இந்த வடிப்பு இல்லை. அதனால்தான் நல்ல கருப்பட்டியின் இனிப்புக்குப் பின் லேசான சுண்ணாம்புக் காரல் நிற்கிறது.

பத்து லிட்டர் பதநீரைச் சுண்டவைத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். சீனி விலைக்கு விற்கும் கருப்பட்டியில் பதநீர் எவ்வளவு இருக்கும் என்பதை வாங்குபவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.