சீட்டுக்கு அடியில ஒரு கேன்

பொட்டி தட்டுற வேலைக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. "எங்க மெஷின்ல நல்லாத்தான் ஓடுது"ன்னு ஒரே வரி எழுதி நான் மூடின பக்குங்களுக்குக் கணக்கே கிடையாது. அந்த வரியைப் படிக்கிற ஆளுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சதும் கிடையாது. 2025 பொங்கல் லீவுல ஒரு பழைய லாரி அதைச் சொல்லிக் குடுத்துச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

எங்க வீட்டுல ஒரு ஃபோர் நாட் செவன் இருக்கு. 1999 மாடல், என்னை விட ரெண்டு வயசு சின்னவன். கொல்லிமலையில குச்சிக்கிழங்கு ஏத்தி, கீழ இருக்கற சேகோ ஃபேக்டரிங்கள்ல கொண்டு வந்து இறக்கறதுதான் அதோட பொழப்பு. எங்க வீட்டுப் பொழப்பும் அதான். என் காலேஜ் ஃபீஸ்ல பாதி அந்த வண்டி கட்டினது. எட்டு வருஷமா ஒரே டிரைவர். நான் அண்ணான்னுதான் கூப்பிடுவேன்.

ஊருக்குப் போன அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பா மெதுவா ஆரம்பிச்சார்.

"பொங்கல் முடிஞ்சதும் அவனை நிறுத்திரலாம்னு இருக்கறன் கண்ணு. டீசல் அடிக்கிறான்."

எனக்குச் சோறு இறங்கல. அப்பா காரணம் அடுக்கினார். ஒரு மாசமா வண்டி மலையேறும்போது நின்னு போகுதுன்னு புகார் சொல்றானாம். ஆனா மெக்கானிக் ஷெட்டுல விட்டா ஒண்ணுமே இல்லையாம். ஃபில்டர் ரெண்டும் மாத்தியாச்சு, ஃபீட் பம்ப் கிட் மாத்தியாச்சு, காப்பர் வாஷர் எல்லாம் மாத்தியாச்சு. திரும்பவும் நிக்குதுங்கறான். தினமும் 20 லிட்டர் போட்டா போதும்னு இருக்கறப்போ, "டேங்க்கை ஃபுல் பண்ணிக் குடுங்க"ன்னு மூணு தடவை கேட்டிருக்கான். அதுக்கு மேல, போன வாரம் அப்பா சீட்டைத் தூக்கிப் பாத்தா அடியில அஞ்சு லிட்டர் கேன், பாதி டீசலோட. பக்கத்துல ஒரு முழ நீளத்துக்கு டிரான்ஸ்பரன்ட் ட்யூப்.

கேனும் ட்யூபும். லாரி வெச்சிருக்கற எந்த முதலாளியும் இதுக்கு மேல சாட்சி கேக்க மாட்டார்.

பம்ப் கடைக்காரர் வேற, "பம்ப்பைக் கழட்டி பெஞ்ச்ல ஏத்தணும், இருபதாயிரத்துக்கு மேல ஆகும்"னு சொல்லிட்டாராம். "நாளைக்கு நீயும் கூடப் போ. என்ன பண்றான்னு பாரு"ன்னு முடிச்சார். அதாவது நான் ஒற்றன்.

மறுநாள் காலைல முதல் நடை ஒரு தகராறும் இல்லாம முடிஞ்சுது. மத்தியானம் ரெண்டாவது நடை. காரவள்ளி அடிவாரத்துல இருந்து மேல போற ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு. முப்பதைத் தாண்டினதும் வண்டிக்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சுது. அண்ணா ஒரு வார்த்தை பேசல. ஒரு வளைவுல ஓரங்கட்டறதுக்குள்ள இன்ஜின் நின்னு போச்சு. ஏத்தத்துல நின்னா என்ன ஆகும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இன்ஜின் ஓடினாத்தான் பிரேக்குக்கு உதவற வேக்குவம் உருவாகும். நின்னுட்டா ரெண்டு மிதிக்கு மேல பெடல் கல்லு மாதிரி ஆயிடும். நான் குதிச்சு பின்சக்கரத்துக்குக் கல்லு வெச்சேன். கை நடுங்குச்சு.

கவனிச்சதுல ஒண்ணு: நிக்கறதுக்கு முன்னாடி சைலன்ஸர்ல புகையே இல்ல. பழைய டீசல் வண்டிக்குப் புகைதான் நாடி. கரும்புகைன்னா டீசல் அதிகம், இல்லேன்னா காத்து பத்தல. நீலம்னா இன்ஜின் ஆயில் எரியுது. வெள்ளைன்னா டீசல் சரியா எரியாம வெளிய வருது. இழுவையும் இல்ல, புகையும் இல்லேன்னா? வண்டி பட்டினி கிடக்குதுன்னு அர்த்தம்.

அண்ணா ஃபில்டர் மேல இருக்கற ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திட்டு, ஃபீட் பம்ப்ல இருக்கற ஹேண்ட் பம்ப்பை அடிச்சார். வந்தது டீசல் இல்ல, நுரை. சோப்புத் தண்ணி மாதிரி. அப்புறம் கொஞ்சம் தயங்கி என்னைப் பாத்தார். சீட்டைத் தூக்கினார். கேனை எடுத்து ட்யூப் வழியா டேங்க்ல விட்டார். மறுபடி ஹேண்ட் பம்ப். நுரை அடங்கி டீசல் சுத்தமா வந்துச்சு. ஸ்க்ரூவை இறுக்கிட்டு செல்ஃப் அடிச்சா, கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டுட்டு ஸ்டார்ட் ஆயிடுச்சு!

"இந்த டீசல் எங்கிருந்துங்ணா?"

"பேட்டா காசுல நான் வாங்குனதுங்க தம்பி. கால் டேங்க்குக்குக் கீழ போனா மலையில நின்னு போகுதுங்க. ஊத்துனா ஓடுது. அதான் ஒரு கேன் வெச்சிருக்கறன்."

"இதை அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னனே! அதுக்குத்தான் ஃபுல் டேங்க் கேட்டன். அவரு ஒரு மாதிரி பாத்தாரு. அப்பறம் கேனையும் பாத்துட்டாரு. இனி கேன்ல ஊத்துனா ஓடுதுன்னு சொன்னா, கேன்ல டீசல் எப்படி வந்துச்சுன்னுதான கேப்பாரு? பில்லெல்லாம் வாங்கி வெக்கலீங்க."

நான் வாயைத் திறக்கல. எந்தப் பொருள் அவர் சொல்றது உண்மைன்னு காட்டுமோ, அதையே அவர் வெளிய எடுக்க முடியாது.

சரி, கொஞ்சம் பாடம். டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் ப்ளக் கிடையாது. காத்தைப் பதினேழு பதினெட்டு மடங்கு அமுக்கினா 500 டிகிரிக்கு மேல சூடாகும். அதுல டீசலைப் பீச்சினா தானாப் பத்திக்கும். பீச்சறது நாசில். நாசில் திறக்கறதுக்கு சுமார் 200 பார் அழுத்தம் வேணும். நம்ம கார் டயர்ல இருக்கறது ரெண்டு பார் சொச்சம்னா கணக்குப் போட்டுக்கோங்க. அந்த அழுத்தத்தைக் குடுக்கறது இன்ஜெக்ஷன் பம்ப். ராபர்ட் பாஷ் 1927-ல வரிசையாத் தயாரிக்க ஆரம்பிச்ச அதே வம்சம்தான். பெங்களூர்ல 1951-ல தொடங்கின மைக்கோ கம்பெனி 2008-ல பாஷ்னு பேர் மாத்திக்கிச்சு. ஆனா எங்க ஊர் மெக்கானிக்குங்களுக்கு இன்னைக்கும் அது மைக்கோ பம்ப்தான்.

அவ்வளவு பெரிய பம்ப்பும் ஒரு காத்துக் குமிழிகிட்ட தோத்துடும். டீசலை அமுக்கினா அழுத்தம் சட்டுனு ஏறும். காத்தை அமுக்கினா அது சுருங்கி விரியும், அழுத்தம் ஏறவே ஏறாது. நாசில் திறக்காது. இதைத்தான் ஏர் புடிச்சிருச்சுன்னு சொல்றாங்க.

காத்து எந்த வழியா வரும்? டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உறிஞ்சற பக்கம். அதுக்கு அப்புறம் தள்ளற பக்கம். தள்ளற பக்கத்துல ஓட்டைன்னா டீசல் வெளிய ஒழுகும், கண்ணால பாத்துடலாம். உறிஞ்சற பக்கத்துல ஓட்டைன்னா, வண்டி ஓடும்போது ஒரு சொட்டும் வெளிய வராது. காத்துதான் உள்ள போகும். ஓட்டை ஸ்ட்ராவுல ஜூஸ் குடிக்கிற மாதிரி.

மறுநாள் வண்டியை வீட்டு வாசல்லயே நிறுத்தி நானும் அண்ணாவும் உக்காந்தோம். நம்ம தொழில்ல பக் புடிக்கறப்போ பாதிப் பாதியா வெட்டுவோமே, அதேதான். முதல்ல டேங்க் பைப்பைக் கழட்டிட்டு, அந்தக் கேன்ல இருந்து நேரா ஃபீட் பம்ப்புக்கு அதே டிரான்ஸ்பரன்ட் ட்யூப். அரை மணி நேரம் ஓட விட்டு நல்லா ரேஸ் பண்ணியும் பாத்தோம். ஒரு குமிழி இல்ல. ஃபீட் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்ஷன் பம்ப் மூணும் நிரபராதி. இருபதாயிரம் மிச்சம்.

அடுத்து டேங்க் பைப்பை மறுபடி சேத்து, நடுவுல ட்யூபை மட்டும் ஜன்னல் மாதிரி வெச்சோம். டேங்க்ல டீசல் அடிமட்டம். ஸ்டார்ட் பண்ணினதும் கோலி சோடா மாதிரி குமிழி. அப்பாவைக் கூப்பிட்டு நிக்க வெச்சு, பங்க்ல இருந்து வாங்கிட்டு வந்த 15 லிட்டரை டேங்க்ல ஊத்தினேன். லெவல் ஏற ஏற குமிழி குறைஞ்சு நின்னே போச்சு.

அப்பா ட்யூபையே பாத்துட்டு இருந்தார்.

டேங்க் மேல இருக்கற மூடியைக் கழட்டி, உள்ள இறங்கற உறிஞ்சு குழாயை உருவினோம். அடியிலிருந்து அஞ்சாறு விரக்கடை மேல, துரு தின்னு ஊசி நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை. இது வண்டியோட வந்த டேங்க்கும் இல்ல. பழசு ஓட்டையானதும் பழைய இரும்புக் கடையில வாங்கி நாங்களே மாட்டினது. டீசல் ஓட்டைக்கு மேல நிக்கற வரைக்கும் ஓட்டையும் டீசலைத்தான் உறிஞ்சும். கீழ போனா காத்து. மலையேறும்போது டீசல் பின்பக்கம் சரியறதால இன்னும் சீக்கிரமா.

அப்போ ஷெட்டுல ஏன் ஒண்ணும் தெரியல? டிரையல் பாக்க டீசல் வேணுமேன்னு, அப்பா ஒவ்வொரு தடவையும் பங்க்ல 20 லிட்டர் போட்டுத்தான் ஷெட்டுக்கு அனுப்பியிருக்கார்! சமதளம், நிறைஞ்ச டேங்க். "எங்க மெஷின்ல நல்லாத்தான் ஓடுது".

குழாயை மட்டும் எடுத்துட்டுப் போய்ப் புதுசா வெட்டி, பித்தளை ஊதிக் கொண்டு வந்தோம். 350 ரூபா. (டேங்க்கை மட்டும் யாரும் காலியா இருக்குன்னு நெருப்புப் பக்கம் கொண்டு போயிடாதீங்க. உள்ள ஆவி இருக்கும், வெடிக்கும்.)

சாயந்திரம் வண்டி கிளம்பற நேரம். அப்பா மன்னிப்பெல்லாம் கேக்கற ஆள் இல்ல. கொஞ்ச நேரம் டயரைத் தட்டிட்டு நின்னார். அப்புறம், "அந்தக் கேனுக்கு இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சு?"ன்னார்.

"இருக்கட்டுங்க முதலாளி."

"சொல்லுப்பா."

அண்ணா ஒரு தொகை சொன்னார். அப்பா எண்ணிக் குடுத்துட்டு, "நாளைல இருந்து ஃபுல் டேங்க் போட்டுக்க"ன்னார். ஓட்டையை அடைச்சதுக்கு அப்புறம் ஃபுல் டேங்க் தேவையே இல்ல. அது ரெண்டு பேருக்குமே தெரியும்.

எனக்கு இப்பவும் உறுத்தறது ஒண்ணுதான். "கால் டேங்க்குக்குக் கீழ போனா நிக்குது"ங்கற ஒரு வரியில நோயும் இருந்துச்சு, நோய் இருக்கற இடமும் இருந்துச்சு. நாள் பூரா அந்த வண்டியிலேயே கிடக்கற மனுஷன் சொன்னது. அந்த வரியை யாரும் ஒரு தகவலா எடுத்துக்கல, திருடன் சொல்ற சாக்காத்தான் எடுத்துக்கிட்டாங்க. ஒற்றனாப் போன நானும், கேனைப் பாத்த முதல் நொடி அப்படித்தான் நெனச்சேன்.

லீவு முடிஞ்சு ஆபீஸ் வந்ததும் நான் மூடி வெச்சிருந்த பக்குங்கள்ல ரெண்டைத் திரும்பத் திறந்தேன். ஒண்ணு நிஜமாவே பக்.

டிஸ்கி: அந்தக் கேன் இப்பவும் சீட்டுக்கு அடியிலதான் இருக்கு. அண்ணா அதுல குடிதண்ணி வெச்சிருக்காரான்னு கேக்காதீங்க, டீசல் வாடை அவ்வளவு சீக்கிரம் போகாது :-)