புத்தூரில் பனங்களி எடுக்கும் கருவி

அப்பிள் விளையும் நாடுகளில் பழத்தை அரைத்து, துணியில் பொதிந்து, திருகு அச்சில் வைத்து இறுக்கிச் சாறு எடுக்கிறார்கள். அந்த அச்சு பனம்பழத்துக்கு உதவாது. உள்ளே ஒன்று முதல் மூன்று வரை கல்லாய் இறுகிய கொட்டைகள். களியோ கொட்டையை மூடிய நாருக்குள் ஒட்டிக் கிடக்கிறது. எவ்வளவு நசுக்கினாலும் வராது; உரசித்தான் எடுக்க வேண்டும்.

அந்த உரசலுக்கென்றே வீட்டில் செய்த ஒரு கருவியைப் பார்க்க, ஆவணி வெயிலில் யாழ்ப்பாணத்துப் புத்தூருக்குப் போனேன். நிலாவரைக் கிணற்றைத் தாண்டி, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பனை வளவு. "முதல் கையாலை பினையிறதைப் பாருங்கோ தம்பி, பிறகு அதைப் பாக்கலாம்" என்றார் அந்த வீட்டு அக்கா.

காம்படித் தொப்பியைக் கழற்றி, கறுத்த தோலை உரித்து, கொட்டைகளைத் தனித்தனியே பிரித்தார். ஒவ்வொன்றின் மீதும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, நார் வெளுக்கும்வரை உள்ளங்கையால் அழுத்திச் சுழற்றினார். செம்மஞ்சள் களி சட்டியில் இறங்கியது. பிறகு பழைய சேலைத்துணியில் வடிப்பு. "தண்ணி கூடினா வெயில் காணாது. பாயிலேயே புளிச்சுப் போம்."

வடித்த களியைப் பந்தலில் விரித்த பாயில் ஊற்றுகிறார்கள். ஒரு படை காய்ந்த பிறகுதான் அதன்மேல் அடுத்த படை. இப்படியே நாட்கணக்காக ஊற்றித் தடித்த பிறகு உரித்து வெட்டினால் பனாட்டு. ஐப்பசி மழைக்கு முன் எல்லாம் முடிய வேண்டும். பழமோ ஒரேயடியாக விழுகிறது. இரண்டு கைகளால் எவ்வளவு பினைய முடியும்? மிச்சம் மரத்தடியிலேயே அழுகுகிறது. எனக்கு மனம் பொறுக்காத இடம் இதுதான்.

பனங்களிக்கு ஒரு காறலும் உண்டு. அதற்குக் காரணம் ஃபிளாபெலிஃபெரின் என்ற சபோனின் வகைப் பொருள். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஈ. ஆர். ஜான்ஸும் அவர் குழுவினரும் இதை நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். ஈஸ்டின் வளர்ச்சியை இது அடக்குவதால், அப்பிள் சாற்றைப்போல் பனங்களியை எளிதில் மதுவாக்க முடியாது. சவர்க்காரம் அரிதாயிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பனம்பழத்தால் துணி தோய்த்ததும் இதே பொருள் தந்த நுரையால்தான்.

கருவியை அக்காவின் தம்பி பட்டறையில் சொல்லிச் செய்வித்திருக்கிறார். படுக்கவைத்த எவர்சில்வர் உருளை, அடிப்பக்கம் முழுக்கத் துளைகள், நடுவே கைபிடி வைத்த தண்டு. முதலில் தண்டில் நைலோன் தூரிகைகளைப் பூட்டினார்கள். மயிர் உதிர்ந்து களியில் விழவே அவற்றைக் கழற்றிவிட்டு, தடித்த ரப்பர் பட்டைகளைப் போட்டிருக்கிறார்கள். சரியான முடிவு; பனாட்டு பிள்ளைகள் சப்பித் தின்னும் பண்டம். இரும்புத் தகடு மலிவு என்று பட்டறையில் சொன்னார்களாம். களி கறுத்துவிடும் என்று அக்கா விடவில்லை.

கொட்டைகளைப் போட்டுச் சுற்றினோம். ரப்பர் கொட்டைகளைப் புரட்ட, அவை ஒன்றோடொன்று உரசி, களி துளைவழியே சொட்டியது. கை பினைவதுபோல நார் முழுதாய் வெளுக்கவில்லை; கடைசியில் கையாலும் ஒருதரம் பினைய வேண்டியிருந்தது. ஆனாலும் பாதிப் பாடு போய்விடுகிறது. மேல்மூடி முழுதாய்த் திறப்பதைத்தான் நான் அதிகம் மெச்சினேன். துளைகளில் நார் அடைத்தால் உடனே தேய்த்துக் கழுவலாம். கழுவ முடியாத பெரிய மோட்டார் இயந்திரம் ஒரு வீட்டுக்கு எதற்கு? புத்தூருக்குக் கிட்டத்தான் கைதடி. அங்குள்ள பனை ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்த வளவுக்கு ஒருதரம் வந்து பார்த்தால், வீட்டளவுக் கருவிக்கு நல்ல மாதிரி ஒன்று கிடைக்கும்.

பினைந்த கொட்டைகள் கிழங்குப் பாத்திக்குப் போகின்றன. அக்காவின் குறை கைபிடியில்தான்: தோள் உளைகிறதாம். அடுத்த பழக்காலத்துக்குள் பழைய சைக்கிளின் பெடலையும் சங்கிலியையும் பூட்டி, காலால் மிதிக்கிற மாதிரி மாற்றச் சொல்லித் தம்பியை நெருக்குகிறார்.