பற்றவைத்த நினைவகமும் உப்பிய பேட்டரியும்

பழைய மெல்லிய மடிக்கணினியை மேம்படுத்துவது புதிய உறுப்புகளை வாங்கிப் பொருத்தும் வேலை என்று வெளியிலிருந்து தோன்றினாலும், காரைக்குடி செக்காலைச் சாலைப் பகுதியில் இயங்கும் பழுதுநீக்கும் கடைகளின் மேசையருகே நின்று பார்த்தால், அவ்வேலையின் பெரும்பகுதி எதை மாற்ற முடியாது என்று கண்டறிவதிலேயே கழிவது தெரியவரும். அழகப்பா பல்கலைக்கழகத்திலும் 1952-இல் தொடங்கப்பட்ட அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியிலும் படிக்கும் மாணவர்கள், கணக்கு வழக்குக்காகக் கணினி வைத்திருக்கும் வணிகர்கள், வெளிநாட்டு உறவினர் விட்டுச்சென்ற கருவியைக் கைவிட மனமில்லாத குடும்பத்தார் எனப் பலரும் வரும் இக்கடைகளில், "ரொம்ப ஸ்லோவா இருக்குண்ணே" என்பதே பெரும்பாலும் முதல் முறையீடு. அதன் பின்னணியில் தளர்ந்த வட்டு இருக்கலாம், போதாத நினைவகம் இருக்கலாம், தூசி அடைத்த மின்விசிறியால் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் செயலியும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறியாமல் உறுப்பு வாங்கச் சொல்பவரை இத்தொழிலில் தேர்ந்தவர்கள் மதிப்பதில்லை.

இத்தகைய கருவிகளில் மாற்றத்துக்கு இடம் குறைந்ததற்கு வடிவமைப்பே காரணம். 2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட முதல் மேக்புக் ஏர் கணினியில் 2 ஜிபி நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. 2011-இல் இன்டெல் முன்வைத்த 'அல்ட்ராபுக்' வரையறை, 13.3 அங்குலமும் அதற்குக் குறைவுமான திரையுடைய கருவிகளின் தடிமனை 18 மில்லிமீட்டருக்குள் அடக்கியது. இந்த மில்லிமீட்டர்க் கணக்கில் முதலில் பலியானவை செருகுவாய்களே. அதே 2011 செப்டம்பரில் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் கனத்தவையாக இருந்தாலும், அவற்றின் வட்டையும் நினைவகத்தையும் ஒரு திருப்புளியைக் கொண்டே மாற்ற முடிந்தது. ஒல்லியான கருவி நாகரிகத்தின் முன்னேற்றம் என்று விளம்பரம் சொன்னதைப் பணிமேசை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கருவியைத் திறப்பதே தனிப் பயிற்சி கோருவது. அடிமூடியின் திருகுகள் ஒரே அளவினவாகத் தோன்றினாலும் நீளத்தில் வேறுபடக்கூடும். குட்டைத் திருகின் இடத்தில் நெட்டைத் திருகை முடுக்கினால் அது மேல்மூடியைப் பிதுக்கும், அல்லது தாய்ப்பலகையின் தடங்களை அறுக்கும். ஆகவே கழற்றிய திருகுகளை அவை இருந்த வரிசையிலேயே தாளிலோ காந்த விரிப்பிலோ பரப்பி வைக்கிறார்கள். திருகு நீங்கிய பின்னும் மூடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளை உலோகத்தால் நெம்பாமல், மெல்லிய பிளாஸ்டிக் வில்லையை ஓரத்தில் நுழைத்து ஒவ்வொன்றாக விடுவிக்கிறார்கள்.

உள்ளே முதலில் பார்க்கப்படுவது சேமிப்பகம், ஏனெனில் கொடுக்கும் பணத்துக்கு உடனே பலன் தெரிவது அங்கேதான். சுழலும் தகடுகளையுடைய ஹார்டு டிஸ்க், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடித் தன் முனையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் தாமதிக்கிறது. அசையும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி.க்கு அந்தத் தாமதம் கிடையாது. ஆனால் மெல்லிய கருவிகள் பலவற்றில் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வட்டுக்கு மட்டுமே இடமுண்டு, 9.5 மில்லிமீட்டர் வட்டு நுழையாது. எம்.2 எனப்படும் பட்டை வடிவச் செருகுவாய் இருந்தாலும் சிக்கல் தீராது: 22 மில்லிமீட்டர் அகலமும் 80 அல்லது 42 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அப்பட்டைகளில் சாட்டா வகை, என்விஎம்இ வகை என இரண்டு உண்டு, பழைய கருவிகள் சில முதல்வகையை மட்டுமே அறியும், பின்னதைச் செருகினால் கருவி அதைக் கண்டுகொள்ளாது. 2013 முதல் 2017 வரையிலான மேக்புக் ஏர் கருவிகளிலோ ஆப்பிளுக்கே உரிய செருகுவாய் அமைந்திருப்பதால், இடையில் ஓர் அடாப்டரை வைத்துத்தான் பொதுச்சந்தைப் பட்டையைப் பொருத்த முடியும். அதற்கும் முன்பாக, பழைய சேமிப்பகம் உள்ளே இருக்கும்போதே 2017-இல் வந்த ஹை சியாரா இயங்குதளத்தையோ அதற்குப் பிந்தியதையோ நிறுவிக் கருவியின் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்த வரிசை தெரியாமல் பட்டையை மாற்றியவர்களின் கருவிகள், தொடங்க மறுத்த நிலையில் பின்னர் இதே மேசைகளுக்கு வந்து சேர்வதுண்டு.

நினைவகத்தில் பேசுவதற்கு அதிகமில்லை. ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டு, ஒரு செருகுவாய் மிஞ்சியிருந்தால் அது நற்பேறு, அங்கும் 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகையைக் கேட்கும் கருவியில் 1.5 வோல்ட் பழைய வகையைச் செருகினால் திரை கறுத்தே கிடக்கும். செருகுவாயே இல்லாத கருவியில், சூடான காற்றைப் பாய்ச்சிச் சில்லுகளைப் பெயர்த்துப் பெரிய சில்லுகளை வைத்து, நினைவகத்தின் அளவைக் கருவிக்கு உணர்த்தும் நுண்மின்தடைகளையும் இடம் மாற்றுவது சிப் லெவல் வேலை தெரிந்தவர்களால் முடிவதே. ஆயினும் ஓடிக்கொண்டிருக்கும் பலகையைப் பணயம் வைக்கும் அவ்வேலையை மறுப்பதே அறிவுடைமை.

பேட்டரி நிலை வேறு. மெல்லிய கருவிகளில் உள்ளது அலுமினியப் படலப் பையில் அடைத்த லித்தியம் பாலிமர் மின்கலம்; மின்முனைகளுக்கு இடையே அயனிகளைக் கடத்தும் மின்பகுளி, வெப்பத்தாலும் இடைவிடாத முழு மின்னேற்றத்தாலும் சிதைந்து வாயுவாக மாறும்போது பை உப்பி, சுட்டுப்பலகையை மேலே தள்ளுகிறது. கோடையில் அனல் வீசும் சிவகங்கைச் சீமையில், நாள்முழுதும் மின்னேற்றியோடு இணைத்தே வைத்திருக்கும் கருவிக்கு இந்த முடிவு விரைவாகவே வரும். உப்பியதை அழுத்தவோ ஊசியால் குத்தவோ கூடாது என்பதும், அதைப் பிடித்திருக்கும் பசையை நெம்பாமல் நெகிழ்த்தி எடுக்க வேண்டும் என்பதும் தொழிலின் பாலபாடம். சில நிறுவனங்களின் மென்பொருளில் மின்னேற்றத்தை 60 அல்லது 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருப்பதைப் புது பேட்டரியோடு சொல்லியனுப்பும் கடைக்காரர், தம் அடுத்த விற்பனையைத் தாமே ஒத்திப்போடுகிறார். அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்தில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இதே ஊரில் மின்கலங்களை ஆராய்ந்துவருகிறது. ஆனால் கடை மேசைக்கு வேண்டிய பேட்டரி சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ இணைய விற்பனையாளரிடமிருந்தோ வர வேண்டியிருக்கிறது என்பது சற்றே உறுத்தும் செய்தி.

வன்பொருள் ஒத்துழைத்தாலும் மென்பொருள் கதவடைப்பதுண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. செயலியும் பற்றவைக்கப்பட்டது என்பதால் இங்கே மாற்றுவதற்கு எதுவுமில்லை, லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளத்துக்கு நகர்வதே நேரான வழி. உலாவியும் கடிதமும் காணொலியும் போதுமென்ற மாணவருக்கு அது பொருந்தும். டேலி மென்பொருளில் கணக்கு வைத்திருக்கும் வணிகருக்கு அதைப் பரிந்துரைப்பது எளிதன்று.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும் பூட்டும் தனித்தனி விலை பெறுவதைப்போல, உயிரிழந்த மடிக்கணினியின் திரை, கீல், மின்விசிறி, விசைப்பலகை ஆகியனவும் இங்கே கழற்றி வைக்கப்பட்டு வேறொரு கருவிக்குப் போகின்றன. பல மெல்லிய கருவிகளில் விசைப்பலகை மேல்மூடியோடு பிளாஸ்டிக் முளைகளை உருக்கி இணைக்கப்பட்டிருப்பதால், அந்த முளைகளைச் சீவி எடுத்துப் புதியதை மீண்டும் உருக்கிப் பொருத்தும் நெடுநேர வேலைக்கு, உறுப்பின் விலையைவிடக் கூலி மிகும். வாடிக்கையாளர் பேரம் பேசுவதும் அந்தக் கூலியில்தான். "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க" என்று சொல்லத் தெரிந்த தேர்ச்சிக்கு விலைப்பட்டியலில் இடமே இல்லை. சோதனைக் கட்டணம் என்று ஒரு சிறு தொகையை முதலில் வாங்கி, வேலை கொடுத்தால் அதைக் கூலியில் கழித்துக்கொள்ளும் முறை சில கடைகளில் உண்டு. ஆனால் செலவு வேண்டாம் என்ற அறிவுரையைக் கேட்டுக் கருவியைத் திருப்பி எடுத்துச் செல்பவரிடம் அந்தத் தொகையைக்கூட வாங்கிக்கொள்ளக் கடைக்காரர்கள் தயங்குகிறார்கள்.