மணியின் இடது கண்

ரொம்ப நாளாக எழுத நினைத்து, வெட்கத்தால் தள்ளிப் போட்ட விஷயம் இது. தப்பு என் மேல் என்பதால்தான் வெட்கம். ஆனால் வெளியூரில் இருக்கும் நம்ம ஆட்கள் பலர் வீட்டில் இப்போது நாய் இருக்கிறது. அதிலும் ஃப்ளாட்டுக்குத் தோது என்று பக் வாங்கியவர்கள் நிறைய. அவர்களுக்காவது உபயோகப்படட்டும்.

எங்கள் வீட்டு பக் பெயர் மணி. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னாடியே ஓடுமே, அதே ஜாதி. பெயர் வைத்தது ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. "நாய்னா மணிதான், வேற என்ன பேரு?" புனேயில் அக்கம்பக்கத்தார் ‘மனி’ என்று பணமாக்கிவிட்டார்கள். நாங்கள் ரொம்ப ஆசை பிடித்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள் :-)

சரி, கதைக்கு வருவோம். போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மணி இடது கண்ணை இடுக்கிக்கொண்டே இருந்தான். தண்ணீராக வடிந்தது. எனக்கு அதற்கு முந்தின மாதம்தான் மெட்ராஸ் ஐ வந்து போயிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம், ஃப்ரிட்ஜில் இருந்தது. மனுஷக் கண்ணானால் என்ன, நாய்க் கண்ணானால் என்ன என்று விட்டேன் ரெண்டு சொட்டு. "டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்களேன்" என்று மனைவி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சிவப்பு குறைந்த மாதிரி இருந்தது. பெருமையாக அவளிடம் காட்டினேன். நாலு வேளை விடாமல் போட்டேன்.

திங்கள் ராத்திரி பார்த்தால் கருவிழி மேல் நீலம் கலந்த வெள்ளையாக ஒரு படலம், நடுவில் சின்னக் குழி. மணி சாப்பிடவில்லை. வெளிச்சம் பட்டால் முகத்தைச் சோபாவுக்கு அடியில் நுழைத்துக்கொண்டான்.

எங்கள் ஏரியா கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன மருந்து போட்டீங்க?" குப்பியை நீட்டினேன். லேபிளைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதில் ஸ்டீராய்டு இருந்தது. கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு போட்டால் சிவப்பும் வீக்கமும் குறையும், பார்க்க நன்றாகிவிட்டது போல இருக்கும். உள்ளே புண் ஆறாது, கருவிழி கரைய ஆரம்பிக்கலாம். அந்தக் கருவிழியின் கனமே அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். "நாளைக்கே கண் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட காட்டுங்க" என்று மும்பையில் ஒருவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார்.

"நாய்க்குத் தனியா கண் டாக்டரா?" என்று அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நானும் வரேன்டா" என்றாள்.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். எக்ஸ்பிரஸ்வேயில் லோனாவாலா தாண்டும்போது, மடியில் மணியை வைத்துக்கொண்டு அம்மா சொன்னாள். "உங்க தாத்தாவுக்கும் இதேதான்டா. அறுப்புல நெல்லுக்கதிர் கண்ணுல குத்திடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகலே. பாட்டி ஏதோ இலையைக் கசக்கிக் குடுத்தா. நான்தான் மூணு நாளும் பிழிஞ்சு விட்டேன். எனக்கு அப்ப பத்து வயசு. நாலாம் நாள் கண்ணு வெள்ளையாயிடுச்சு." தாத்தாவுக்கு ஒரு கண் தெரியாது என்று எனக்குத் தெரியும். யார் சாறு பிழிந்தது என்று தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட அவள் சொன்னதில்லை.

மும்பை டாக்டரம்மா வரிசையாகச் சோதனை செய்தார். இமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஒரு நிமிஷம் கண்ணீர் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்று பார்த்தார். நாய்க்குப் பதினைந்து மில்லிமீட்டராவது ஊற வேண்டும். மணிக்கு நன்றாக இருந்த வலது கண்ணிலேயே எட்டுதான். அதாவது அவனுக்குக் கண்ணீர் வறட்சி, எங்களுக்குத் தெரியாமலே ரொம்ப நாளாக. பிறகு ஒரு ஆரஞ்சு நிறச் சாயத்தைத் தொட்டு, நீல விளக்கில் பார்த்தார். தோல் உரிந்த இடத்தில் மட்டும் சாயம் ஒட்டிப் பச்சையாக ஒளிர்ந்தது. மிளகு அளவு. அது என் வேலை.

பக் நாய்க்குக் கண்குழி ஆழம் குறைவு, கண் வெளியே துருத்தி நிற்கும், பல நாய்களுக்குத் தூக்கத்தில்கூட இமை முழுசாக மூடாது, மூக்கு மடிப்பு முடி உரசும் என்று விளக்கினார். நமக்கு அழகாகத் தெரிகிற அந்த முட்டைக்கண்தான் அதற்கு ஆபத்து.

இன்னும் ஆழமாகப் போனால் வெண்விழி மேல் இருக்கும் சவ்வை எடுத்துப் புண் மேல் தைக்க வேண்டும் என்றார். அதற்கு முன் மருந்தில் முயற்சி. மணியின் ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, சீரத்தைப் பிரித்துச் சொட்டு மருந்தாகக் கொடுத்தார். கருவிழியைக் கரைக்கும் நொதிகளை அது தடுக்குமாம். கூடவே ஆன்டிபயாடிக். முதல் ரெண்டு நாள் மணிக்கு ஒரு தரம், ராத்திரியும். கழுத்தில் லவுட்ஸ்பீக்கர் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூம்பு.

ராத்திரி ட்யூட்டியை அம்மா எடுத்துக்கொண்டாள். "உனக்குக் காலைல ஆபீஸ் இருக்கு, போய்ப் படு." மூணு மணிக்கு எழுந்து பார்த்தால் ஹால் விளக்கில் அம்மா அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, "இது நல்ல மருந்துடா, பயப்படாதே" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போகவில்லை.

ஆபரேஷன் இல்லாமலே மூணு வாரத்தில் ஆறியது. இடது கண்ணில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது, பார்வை இருக்கிறது. வறட்சிக்கு சைக்ளோஸ்போரின் களிம்பு, தினம் ரெண்டு வேளை, ஆயுசு முழுக்க.

நான் படித்த பாடம் இவ்வளவுதான். நாய் கண்ணை இடுக்கினாலோ, கண் மங்கலானாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், திங்கள்கிழமை வரை காத்திருக்காதீர்கள். ரெண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து, பத்து நிமிஷம் விடுங்கள். சொட்டு முதலில், களிம்பு கடைசியில். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் கண்ணில் அழுத்தம் ஏறும், மார்புப் பட்டை வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கண் வைத்தியம் பார்க்கிறார்கள்.

அம்மா ஊருக்குப் போய்விட்டாள். போன் எடுத்ததும் முதல் கேள்வி, "மணிக்கு மருந்து போட்டியா?" அதற்கப்புறம்தான் நான் சாப்பிட்டேனா என்பதெல்லாம்.

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் பாதி தீர்ந்த கண் மருந்து ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள். இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.