சுமையோடு ஏறும் கால்கள்

பத்தாந் தர மாணவன் ஒருவன் சென்ற தவணையிலே கணினி விளையாட்டொன்றை ஆக்கத் தொடங்கினான். கொழுந்துச் சாக்கின் பட்டியைத் தலையிலே கொளுவிய ஒரு பெண், நிறுவை முடியுமுன் மலையேறித் தராசை அடைதல் வேண்டும், அதுவே விளையாட்டு. தமிழ் கற்பிக்கும் எனக்குக் கணினியறைப் பொறுப்பும் வாய்த்திருந்தமையால், அவளை எவ்வாறு நடக்கவைப்பது என்ற வினா என்னிடம் வந்தது.

வழிகள் இரண்டு. நடையின் ஒவ்வொரு நிலையையும் தனித்தனிப் படமாக வரைந்து, வரிசையாக மாற்றிக் காட்டலாம். அல்லது தலை, உடல், கை, கால் என்பவற்றை ஒருமுறை மட்டும் வரைந்து, மூட்டுகளிலே பொருத்தி, பாவைக்கூத்துப் பொம்மைபோல அசைக்கலாம். முன்னதில் உழைப்பு மிகுதி. பின்னதில் அதே உறுப்புகளை ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் மீண்டும் பயன்படுத்தலாம். பரீட்சை நெருங்குவதை எண்ணிப் பின்னதையே சொன்னேன்.

இரண்டே நாளில் அவள் நடந்தாள். கைப்பேசியில் அதைக் கண்ட அவனுடைய தாய் சிரித்தாராம். “யாருடா இவ? வெறுங்கைய வீசிக்கிட்டு கோயிலுக்குப் போறவ மாதிரி இருக்கா!”

அந்தச் சிரிப்பு என்னையும் சுட்டது. ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞரின் கதையை அவனுக்குச் சொன்னேன். அவர் 1985இல் தம் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, அவ்வசைவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். அதிலிருந்தே 1989இல் ‘பிரின்ஸ் ஒவ் பேர்சியா’ வெளிவந்தது. இளவரசன் கற்பனை, அவன் ஓட்டமோ மெய்யான ஓர் உடலின் ஓட்டம்.

சனிக்கிழமை அவன் தாயின் பின்னே மலையேறினான். படம்பிடித்து, ஒரு நடைக்கு எட்டு நிலைகளைத் தெரிந்தெடுத்து வரைந்தான். பட்டி இழுப்பதாற் கழுத்து அசைவதில்லை. முழங்கால் முற்றாக நிமிர்வதில்லை. பாதம் ஊன்றிய பின்னரே, ஒரு கணம் பிந்திச் சாக்கு இறங்குகிறது.

உறுப்புகளைப் பொருத்தும் முறையைக் குறை கூறுவது நியாயமன்று. கோணங்களைச் சரியாக அமைத்திருந்தால் அம்முறையும் இதைக் காட்டியிருக்கும். குறை எங்கள் கண்களில் இருந்தது. உழைப்பவரைப் பாராமலே உழைப்பைச் சித்திரிக்க முனைந்தோம். நானும் லயத்திலே பிறந்தவன்தான். இருபது ஆண்டுகள் கொழுந்து சுமந்து என்னைப் படிப்பித்தவள் என் தாய். அவளுடைய நடையை, பட்டம் பெற்ற நான் எங்கே தொலைத்தேன்?

இப்பொழுது அப்பெண் திரையிலே மெல்ல ஏறுகிறாள். சாக்கு நிறைய நிறைய, படங்கள் மாறும் வேகமும் குறைகிறது. “ஏன் அண்ணா, இவ ஓடமாட்டாவா?” என்று சிறிய வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவன் பதில் சொல்வதில்லை. சாக்கைச் சுட்டிக் காட்டுகிறான்.