டிரெய்லர் வீட்டம்மா

"அடி அண்ணாமலை தாண்டி வாங்க. புங்க மரத்தடியில டயர் வெச்ச வீடு எதுன்னு யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க." எங்கள் வீட்டுக்கு வழி கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் நிஜமாகவே எங்கள் வீட்டுக்கு டயர் உண்டு. 4 டயர். அஸ்திவாரம் கிடையாது. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளே, மாமனார் வாங்கிப் போட்ட 18 சென்ட் நிலத்தில், பழைய டிராக்டர் டிரெய்லர் மேல் கட்டிய அறையில்தான் 2021-லிருந்து குடித்தனம் நடத்துகிறேன். நீளம் 16 அடி, அகலம் 7 அடி. அதிலே சமையல், படுக்கை, சாமி படம் எல்லாம்.

"ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்ட வேண்டாம், சகோதரிகளே! முதலில் கதையைக் கேளுங்கள்.

எங்க வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருபது வருஷம் வெல்டராக இருந்தவர். லாரி பாடி என்றால் நாமக்கல், திருச்செங்கோடு என்று ஊருக்கே தெரியும். 2020-ல் ஊரடங்கு வந்தது. பட்டறையில் வேலை இல்லை, வாடகை மட்டும் நிற்காமல் ஓடியது. ஒரு வருஷம் பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, சொந்த ஊருக்கே வந்துவிட்டோம். இங்கே நாட்டு ஓடு போட்ட பழைய வீட்டில் மாமியாரும், மூத்தார் குடும்பமும். நாங்கள் 4 பேரும் அதில் போய் நுழைந்தால் எப்படி இருக்கும்? காலி இடம் கிடக்கிறதே, இரண்டு அறை கட்டிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள்.

அங்கேதான் சிக்கல். மாமனார் 2017-ல் தவறிப்போனார். உயில் எழுதவில்லை. பாகம் பிரிக்கவில்லை. பிரிக்காத நிலத்தில் ஒருத்தர் செங்கல் வைத்தால், மற்றவர் மனசில் அது கல்லாக விழும். "தம்பி நல்ல மூலையா பார்த்துப் பிடிச்சுக்கிட்டான்" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அப்புறம் தீபாவளிக்குக் கூட ஒரு பந்தியில் உட்கார முடியாது. என் பிறந்த வீட்டில் ஒரு குளியலறைச் சுவருக்காகச் சித்தப்பாவும் அப்பாவும் பதினோரு வருஷம் பேசாமல் இருந்ததைப் பார்த்தவள் நான்.

ஒரு நாள் இவர் செங்கம் பக்கத்திலிருந்து துருப்பிடித்த டிரெய்லர் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். "இது மேல வீடு கட்டறேன். பாகம் பிரிச்சதும் எந்த மூலை நமக்கோ அங்க தள்ளிக்கலாம்" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் மூத்தார் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததே, அதைக் கவனித்தேன்! அவரே இரண்டு நாள் கூட இருந்து தகரம் பிடித்துக் கொடுத்தார்.

இப்படி வண்டி மேல் வாழ்வது நமக்குத்தான் புதுசு. மேல்நாட்டில் காரின் பின்னால் இழுத்துப் போகும் கேரவனைப் பிள்ளைகளின் நிலத்தில் நிறுத்தி வயதானவர்கள் வாழ்வதுண்டாம். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் எங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். நம் நாமக்கல் மாவட்டத்துப் பிள்ளை, அருண் பிரபு என்ற கட்டடக் கலைஞர், ஆட்டோ மேலேயே 36 சதுர அடியில் ஒரு வீட்டைக் கட்டியது 2020-ல் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அதைப் பார்த்தால் எங்களுடையது அரண்மனை!

பெளர்ணமி இரவில்தான் வேடிக்கை. 14 கிலோமீட்டர் நடக்கிற கூட்டத்தில் சிலர் வழி தப்பி எங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். "ரெண்டு டீ குடும்மா" என்று ஜன்னலில் காசை நீட்டுவார்கள். நடமாடும் டீக்கடை என்று நினைப்பு. முதலில் கோபம் வந்தது. இப்போது தண்ணீர் கொடுத்து அனுப்புகிறேன்.

சரி, இரும்புப் பெட்டிக்குள் எப்படி இருக்கிறாய், வேகாதா என்பீர்கள். முதல் கோடையில் வெந்துதான் போனோம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் தார் ஷீட் கொட்டகைகளில் இருந்தவர்கள் பகலில் உள்ளே கால் வைக்க முடியவில்லை என்பார்களே, அதன் அர்த்தம் எனக்கு அப்போது புரிந்தது. கதவுக் கைப்பிடியைத் துணி வைத்துத்தான் தொட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் செய்தோம். கூரைத் தகரத்துக்கும் உள் பலகைக்கும் நடுவே கண்ணாடிப் பஞ்சு அடைத்தோம். மேலே வெள்ளைப் பூச்சு. அதற்கும் மேலே, ஒன்றரை அடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல். இந்த இடைவெளிதான் ரகசியம். வெயில் கீற்றோடு நின்றுவிடும், நடுவில் காற்று ஓடும். கீற்றைத் தகரத்தின் மேலேயே பரப்பினால் பாதிப் பலன்கூட இல்லை. எதிரெதிரே ஜன்னல் வைத்து எல்லாவற்றுக்கும் கொசுவலை அடித்தோம். கீற்றுக்கு நெருப்புப் பயம் உண்டே! அதனால் தீபாவளிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் மாலையிலேயே மோட்டார் போட்டுப் பந்தலை நனைத்துவிடுவேன்.

தகர வீட்டில் இருப்பவர்களும், மொட்டை மாடியில் ஷீட் அறை போட்டிருப்பவர்களும் இரண்டு விஷயத்தை மட்டும் என்னிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, கரண்ட். சுவர் பூராவும் இரும்பு. எங்காவது ஒயர் தோல் உரிந்தால் வீடே ஷாக் அடிக்கும். கரியும் உப்பும் போட்டுக் குழி தோண்டி எர்த் பைப் இறக்கி, வீட்டின் இரும்புச் சட்டத்தை அதோடு இணைத்திருக்கிறோம். ஈ.எல்.சி.பி. என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. கரண்ட் கசிந்தால் தானாக விழுந்துவிடும். அதில் சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பது என் வேலை. இரண்டாவது, கேஸ். நாம் சமைக்கும் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று இருந்துவிடக்கூடாது. என் சிலிண்டர் வெளியே கூண்டில் இருக்கிறது. அடுப்புக்குக் கீழே, தரை மட்டத்தில் ஒரு சல்லடை வைத்த ஓட்டை. குளிருகிறதென்று கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது கூடவே கூடாது. அந்தப் புகையில் வாசனை தெரியாத நஞ்சு இருக்கிறது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கரண்ட் என்றதும் நினைவு வருகிறது. பெரிய வீட்டு மீட்டரிலிருந்துதான் எங்களுக்கு ஒயர். இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு குடும்பமும் ஒரே மீட்டர் என்றால் 500-ஐத் தாண்டிவிடும், ரேட்டும் ஏறிவிடும். "நீங்க வந்த பிறகுதான் பில்லு இப்படி" என்று ஓரகத்தி சொன்னது உண்மைதான், ஆனாலும் சுருக்கென்றது. மறுநாளே ஒரு துணை மீட்டர் வாங்கி மாட்டச் சொன்னேன். என் பங்கைக் கணக்குப் பார்த்து அத்தை கையில் கொடுத்துவிடுகிறேன். கூட இருபது ரூபாய் வைத்தே கொடுப்பேன். அந்த இருபது ரூபாயில் கிடைக்கிற நிம்மதி இருக்கிறதே!

பெரிய சோதனை 2024 சித்திரையில் வந்தது. பெரியவளுக்குத் தலைப்பிரசவம். அம்மா வீட்டில்தானே பார்க்க வேண்டும்? சம்பந்தியம்மா போனில், "டயர் வண்டியில வெச்சா என் பேரப்பிள்ளையைப் பார்ப்பீங்க?" என்று கேட்டுவிட்டார். போனை வைத்துவிட்டுக் கீற்றுப் பந்தலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்டதில் தப்பு என்ன? நான் அவர் இடத்தில் இருந்தாலும் கேட்டிருப்பேன். வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்திய வருஷம் அது. போதாததற்கு அத்தை வேறு, "சித்திரையில பிள்ளை பொறக்குதே" என்று ஒரு பக்கம் புலம்பல்.

அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். ஆண் குழந்தை. வீட்டுக்கு வரும்போது, பகலில் பெரிய வீட்டு உள் அறை, இரவில் டிரெய்லர் என்று முடிவு செய்திருந்தோம். ஓட்டு வீடு குளுமைதான். ஆனால் உள் அறையில் ஜன்னல் இல்லை. பூனை வரும், கொசுவும் உண்டு. மூன்றாம் நாள் குழந்தையின் கையெல்லாம் கொசுக்கடித் தடிப்பு. அன்றே மகள், "அம்மா, நம்ம வீட்டுக்கே போயிடலாம்" என்றாள். நம்ம வீடு என்றாள், கவனியுங்கள்!

வெட்டிவேர்த் தட்டியை மேற்கு ஜன்னலில் கட்டி நனைத்து வைத்தேன். குழந்தைக்கு மெல்லிய நூல் சட்டை ஒன்றுதான். நம் பெரியவர்கள் இறுக்கிச் சுற்றுவார்களே, அது கோடையில் வேண்டாம், வேர்க்குருதான் மிச்சம். "வெயிலுக்குக் குழந்தை நாக்கு வறளுது, ரெண்டு சங்கு சர்க்கரைத் தண்ணி ஊத்து" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பாலிலேயே அந்தத் தண்ணீர் இருக்கிறது, அடிக்கடி கொடுங்கள், நிறையக் குடிக்க வேண்டியது தாய்தான். நான் மகளுக்குத் தண்ணீர், மோர் என்று கொடுத்துக்கொண்டே இருந்தேன். குழந்தை ஒரு நாளைக்கு 6 துணிக்கு மேல் நனைத்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். துணியை எண்ணியதுதான் அந்த மாதம் முழுக்க என் கணக்கு.

தூளி கட்டியபோதுதான் இன்னொரு கூத்து. கூரைச் சட்டத்தில் கொக்கி வைத்துக் கொடுத்தார் இவர். தூளியை ஆட்டினால் டிரெய்லரே கூட ஆடியது! அடுப்பில் பால் தளும்புகிறது. பிறகு நாலு மூலையிலும் இரும்புக் கால் முட்டுக் கொடுத்தபின் நின்றது. குழந்தை என்னவோ வீடு ஆடியபோதுதான் நன்றாகத் தூங்கினான்.

மூன்றாம் மாதம் சம்பந்தியம்மா பார்க்க வந்தார். உள்ளே வந்து, வெட்டிவேர்த் தட்டியைத் தொட்டுப் பார்த்து, பேரனின் தொடையைப் பிடித்துப் பார்த்தார். "பிள்ளை நல்லாத்தான் தேறியிருக்கான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

அதே வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி. பெஞ்சல் புயல் மழை. மலையில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. 7 பேர் போய்விட்டார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். நாங்கள் சமதளத்தில் இருக்கிறோம், எங்களுக்கு ஆபத்தில்லை. ஆனாலும் பிறந்த நாளிலிருந்து சாமியாகக் கும்பிட்ட மலையைப் பார்க்கவே அன்று அடிவயிறு கலங்கியது. பெரிய வீட்டில் ஓடு பல இடத்தில் ஒழுகி, படுக்க இடமில்லை. ராத்திரி பத்து மணிக்கு அத்தை தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, மூத்தார் பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் படியேறினார். நாலு வருஷமாக "தகர டப்பா" என்று பேர் வைத்திருந்தவர். பின்னாலேயே ஓரகத்தி, கையில் இட்லி மாவு வாளியோடு. அன்று அந்த 112 சதுர அடியில் 9 பேர். ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்காமல் திரும்ப முடியாது. இட்லி ஊற்றி ஊற்றிக் கொடுத்தோம், நானும் ஓரகத்தியும்.

அந்த ராத்திரிதான் பாகப் பேச்சும் வந்தது. "தங்கச்சிக்குச் சீர் செஞ்சாச்சு, விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டா ரெண்டா பிரிச்சுக்கலாம்" என்றார் மூத்தார். நான் அவர் முன்னே அதிகம் பேசுகிறவள் அல்ல. அன்று பேசினேன். சீர் வேறு, பங்கு வேறு. மாமனார் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய நிலம், உயிலும் இல்லை. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்தில்கூட 1989-லேயே தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பங்கு கொடுத்தார்கள், 2005-ல் நாடு முழுக்க வந்தது. ஆக இங்கே பங்கு இரண்டல்ல, 4. நாத்தனாருக்கு ஒன்று. அத்தைக்கு ஒன்று.

"எனக்கா?" என்றார் அத்தை. எழுபத்திரண்டு வயதில், தன் புருஷன் நிலத்தில் தனக்கும் ஒரு பங்கு உண்டென்று அன்றுதான் அவர் காதில் விழுந்தது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான். எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எங்கள் பங்கும்தானே குறைகிறது! விடிந்ததும், "நீ சொன்னது சரிதான்" என்றார்.

மூத்தாருக்கு மனசு ஆறக் கொஞ்ச நாள் பிடித்தது. நாத்தனாரிடம் நானே போனில் சொன்னேன். "அண்ணி, நான் கேட்கவே இல்லையே" என்று அழுதாள். கேட்காததால்தானே சொல்ல வேண்டியிருந்தது.

சென்ற மாதம் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்துவிட்டுப் போனார். அத்தையின் பங்கு பழைய வீட்டோடு. எங்களுக்குக் கிழக்கு ஓரம். எங்கள் டிரெய்லர் நிற்கும் புங்க மரத்தடி நாத்தனார் பங்கில் விழுந்திருக்கிறது. "அண்ணி, மரம் நிழலா இருக்கு, இருந்துட்டுப் போங்க" என்கிறாள் அவள். இவர் கேட்பதாக இல்லை. பத்திரம் பதிந்ததும் நகர்த்த வேண்டும் என்று நேற்றே நாலு டயருக்கும் காற்று அடித்துவிட்டார். ஒரு டயர் மட்டும் ராத்திரியே இறங்கிவிட்டது; பஞ்சர் பார்க்க ஆள் வர வேண்டும். புது இடத்தில் நட இரண்டு புங்கங்கன்று வாங்கி வைத்திருக்கிறேன்.